சுலைகாவின் அட்டை

அப்பு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க எடுத்து, அந்த ஒரு பத்தி வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். டாக்டரம்மாவின் நோட்டுகளும் நோயாளிகளின் அட்டைகளும் இரும்புப் பெட்டியோடு உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டன, அவர் முடிக்காமல் விட்டுப்போன புத்தகத்தை நீ முடிக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்லது. உன்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிற நான்கு மாணவர்களுக்கும் முதல் பாடமாக சுலைகாவின் அட்டையைக் காட்டப்போவதாகவும் எழுதியிருந்தாய். "எட்டு மாதம், ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. இதை எழுதியது என் அம்மா என்று சொல்வேன்" என்ற இடத்தில்தான் நான் மடித்தேன்.

நீ நலமா, மருமகள் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் எப்போதும் அடுத்த வரிக்குப் போவேன். இன்று அதற்குக் கை வரவில்லை. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையை நம்பாதே. அதில் பாதிக்கு மேல் பொய். அந்தப் பொய்யை எழுதியவள் நான். டாக்டரம்மா அது பொய் என்று தெரியாமலே இறந்துபோனார். நீயும் தெரியாமல் அதைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், பிறகு அது யார் சொன்னாலும் அழியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்துப் படி.

டாக்டரம்மாவை உனக்கு ஆசானாகத் தெரியும். எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண். பொன்னாத்தாள் என்று அவர் அப்பா வைத்த பெயரை மெட்ராஸ் கல்லூரியில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் கடைசிவரை சரியாகச் சொல்லவே இல்லையாம். டாக்டருக்குப் படித்துவிட்டு, வைத்தியம் பார்க்கப் போகாமல், காசநோய்க் கிருமியை ஆராய்கிற வேலையில் மெட்ராஸிலேயே பல வருஷம் இருந்தார். சீமைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அவர் திண்டுக்கல்லுக்கு வந்தார். ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மெட்ராஸ்ல எனக்குச் சளி பாட்டில்ல வருதுங்க டீச்சர். எந்த வீட்ல இருந்து வருதுன்னு பாக்கலாம்னு வந்தேனுங்க" என்றார். அவ்வளவுதான் காரணம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்தார்கள். ஓர் அறையில் மைக்ராஸ்கோப்பும் கிருமி வளர்க்கிற குழாய்களும். இன்னொன்றில் அவர் மாணவர்கள்.

அந்த மாணவர்களை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்த்து, ஒரு வாத்தியார் என்ற முறையில் நான் வெட்கப்பட்டிருக்கிறேன். மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வருவார்கள். ஒரு வாரம் முழுக்க ஒரே கண்ணாடித் துண்டைப் பார்க்கச் சொல்வார். "என்னங்க தெரியுது?" என்பார். வந்தவன் படித்ததையெல்லாம் ஒப்பிப்பான். "அது புஸ்தகத்துல இருக்கறதுங்க. உங்களுக்கு என்ன தெரியுது?" என்று மறுபடி உட்கார வைப்பார். "தெரியலைன்னு வாயால சொல்ல வெக்கறதுக்கே எனக்கு ஒரு வாரம் ஆகுதுங்க டீச்சர்" என்று சிரிப்பார். கட்டுரை அச்சானால் மாணவன் பெயர் முதலில், தன் பெயர் கடைசியில். பழனியிலிருந்து ஒரு பெண் வந்து படித்தாள். அவள் அப்பா கல்யாணம் என்று சொல்லிக் கூட்டிப்போக வந்து நின்றார். டாக்டரம்மா அவரோடு சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டார். பிறகு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்தார். அந்த மனுஷர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க, இத்தனூண்டு இருக்குதுங்களே, இதுக்கா இவ்வளவு படிப்பு?" என்றார். "இத்தனூண்டா இருக்கறதாலதானுங்க" என்றார் டாக்டரம்மா. அந்தப் பெண் இன்னும் ஒரு வருஷம் படித்தாள்.

அவர் எல்லாருக்கும் சொன்ன ஒரு சட்டம் உண்டு. நீயும் உன் மாணவர்களுக்குச் சொல்வாய். "பாத்தா எழுதுங்க. பாக்கலைன்னா கட்டத்தைக் காலியா விடுங்க. காலிக் கட்டம் யாரையும் ஏமாத்தாதுங்க." எதை உடைத்தாலும் திட்ட மாட்டார். ஆனால் ராஜமாணிக்கம் என்று ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமை வந்து குழாயைப் பார்க்காமலே பார்த்ததாக நோட்டில் எழுதிவிட்டான். திங்கட்கிழமை அவர் கேட்டார்: "அந்தக் குழாயை நான் சனிக்கிழமையே வேற அறைக்கு மாத்திட்டேனுங்களே, நீங்க எங்க பாத்தீங்க?" அவன் அழுதுவிட்டான். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் அவன் படுக்கையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த முகம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள். இதற்குப் பிறகு வருவதெல்லாம் இந்தப் பயத்தின் மேல் நடந்தது.

நான் அந்த இடத்துக்கு எப்படிப் போனேன் என்பது உனக்குத் தெரியும். நீ மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம். காசநோய்க்காரர்களை ஆஸ்பத்திரிப் படுக்கையில் போடாமல், அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணமாக்க முடியுமா என்று டாக்டரம்மா பார்க்க ஆரம்பித்தார். படுக்கை கொஞ்சம், நோயாளிகள் ஏராளம், வேறு வழி இல்லை. பேகம்பூர்ப் பக்கம், தோல் பதனிடுகிற இடங்களில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்களில் பதினோரு பேருக்கு நோய் இருந்தது. ஆண் யாரும் தினமும் அந்த வீடுகளுக்குள் போய் நிற்க முடியாது. நான் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சர். "நீங்க ஒருத்தர்தானுங்க உள்ள போக முடியும். கண்ணால பாத்து, முழுங்குன பிறகு டிக் போடோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்று கேட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பதினோரு வீடு. எனக்கு அது பெருமையாக இருந்தது, அப்பு. உன் அப்பா போன பிறகு யாரும் என்னிடம் ஒரு பொறுப்பை இப்படி நம்பிக் கொடுத்ததில்லை.

இங்கே உனக்கு ஒரு பள்ளிக்கூட வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலை பிடுங்குகிற நாட்களில் என் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராத நாள் அதிகமானால் பெயரை அடித்துவிட வேண்டும். அடித்தால் அந்தப் பெண் திரும்பி வரவே மாட்டாள், வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் 'வருகை' என்று போட்டுவிடுவோம். நான் மட்டும் இல்லை, எல்லா டீச்சரும். அவள் எங்கே போய்விடப் போகிறாள், காட்டில்தானே இருக்கிறாள், அடுத்த வாரம் வருவாள் என்று ஒரு நம்பிக்கை. இன்ஸ்பெக்டர் வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் நாள் ஆள் அனுப்பி எல்லாரையும் எண்ணெய் தேய்த்துத் தலை சீவி வரச்சொல்வோம். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. பிள்ளைகள் மேல் வைத்த பிரியம் என்றுதான் நினைத்தோம். அந்தக் கையோடுதான் நான் டாக்டரம்மாவின் அட்டையைத் தொட்டேன்.

சுலைகா என்னிடம் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். வாய்ப்பாடு சொல்லும்போது எட்டாம் வாய்ப்பாட்டில் எப்போதும் ஓர் இடத்தில் இடறி, நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். நோய் வந்தபோது இருபது வயது இருக்கும், கையில் ஒரு பெண் குழந்தை. அந்த நாள் மாத்திரைகள் உனக்குத் தெரியும்: ஒன்று பொடிசு, மற்றது பெரிசு பெரிசாக ஒரு கை நிறைய. பெரிசு வயிற்றைப் புரட்டும். முதல் ஒன்றிரண்டு மாதம் என் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முழுங்குவாள்.

"டீச்சரம்மா, இம்புட்டையும் தின்னுட்டா சோறு எங்கிட்டுப் போகும்?"

"பேசாம முழுங்குடி. மிச்சம் இன்னும் நாலு இருக்கு."

"நெஞ்சுல இருக்குற பூச்சி சாகுறதுக்குள்ள என் நாக்கு செத்துப்போகும் போல. வாய்ப்பாடு தப்பாச் சொன்னாக்கூட நீங்க இம்புட்டு தண்டன குடுத்ததில்ல."

தேறிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. டாக்டரம்மா அவள் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மாணவர்களுக்குக் காட்டிச் சந்தோஷப்பட்டார். அப்போது நோன்பு மாதம் வந்தது. நயா பைசா வந்த வருஷம், நல்ல வெயில். நான் போகிற நேரம் சாயங்காலம் நாலரை. அவள் நோன்பு.

"சீக்காளிக்கு விட்டுக் குடுத்திருக்கு டீச்சரம்மா. நோம்பு வைக்க வேணாம்னு எங்க அத்தாகூடச் சொல்றாக. ஆனா வச்சாத்தான் மனசு ஆறுது. மாத்திரைய வச்சுட்டுப் போங்க. நோம்பு தொறந்து கஞ்சி குடிச்ச கையோட முழுங்கிர்றேன்."

"நிச்சயமா முழுங்குவியா?"

"ஒங்ககிட்ட நான் பொய் சொல்லிருக்கேனா?"

சொன்னதில்லைதான். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் செய்யவில்லை என்று சொல்லிக் கையை நீட்டுகிற பிள்ளை அவள். அன்று அட்டையை எடுத்தேன். கட்டத்தைக் காலியாக விட வேண்டும். விட்டால் டாக்டரம்மா கேட்பார், இவளை நோன்பு வைக்கக்கூடாது என்று சொல்ல வேண்டி வரும், அந்த வீட்டில் என்மேல் வருத்தம் வரும், நாளைக்கு என்னை உள்ளே விடாமல்கூடப் போகலாம். முழுங்கத்தானே போகிறாள் என்று டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன். நோன்பு முடிந்தது. "சோத்துக்குப் பெறகு முழுங்குனா பொரட்டல் கொஞ்சம் கம்மியா இருக்கு டீச்சரம்மா" என்றாள். சரி என்று வைத்துவிட்டு வந்தேன். பத்து வீட்டில் கண்ணால் பார்த்தேன். என் பிள்ளை என்று நினைத்த ஒருத்தி வீட்டில் மட்டும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சும்மா இருக்கிறவர் இல்லை. மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்க்க, திடீரென்று ஒருநாள் சிறுநீர் வாங்கிவரச் சொல்வார். பெரிய மாத்திரை உள்ளே போயிருந்தால், அதில் ஒரு திராவகத்தைச் சொட்டு விட்டதும் நிறம் மாறும். ஆனால் பெண்கள் திரைக்குள் இருக்கிற கோஷா வீட்டில் போய் நின்றவுடன் அதைக் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் முதல்நாளே "நாளைக்குப் பாட்டில் வேணும், எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு வருவேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. அந்த நாட்களில் மட்டும் சுலைகா பெரிய மாத்திரைகளை முழுங்கியிருக்கிறாள். நிறம் மாறியது. டாக்டரம்மாவுக்கு இருந்திருக்க வேண்டிய ஒரு சந்தேகத்தையும் நானே துடைத்துவிட்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது சுலைகாவுக்கு மறுபடி இருமல். பிறகு இரத்தம். பிறகு நீ எழுதியிருந்தாயே, "மருந்துக்கு அடங்காத கிருமி", அது. மூன்று வாரத்தில் போய்விட்டாள்.

அடக்கமாகி ஏழெட்டு நாள் கழித்து, அந்தக் குழந்தையைப் பார்க்கப் போனேன். அவள் நாத்தனார் பாத்திமா உள்ளே போய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மதினி இத ஒங்ககிட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லுச்சு. வாந்தி வரும்னு முழுங்கமாட்டாம எடுத்து வச்சிருந்துச்சு. சின்னத மட்டும் முழுங்கிரும். வெலை கூடுன மருந்து, வீணாக்கக்கூடாது, வேற யாருக்காச்சும் ஆகும்னு சொல்லும். ஒங்ககிட்டச் சொல்ல மட்டும் வெக்கம்" என்றாள். டப்பா நிறையப் பெரிய மாத்திரைகள். அது நிறைந்த பிறகு ஒரு துணிப்பை. அதிலும் முக்கால்வாசி.

ஒன்றை மட்டும் தனியாக முழுங்கினால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும் என்பதை எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை. டாக்டரம்மா மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். அந்த டப்பாவைக் கையில் வாங்கின நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருந்து தோற்கவில்லை, அப்பு. நான்தான்.

சொல்லிவிடுவது என்றுதான் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டப்பாவும் துணிப்பையும் என் பையில். அறைக்குள் மாணவர்கள் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் சுலைகாவின் அட்டை. டாக்டரம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கறேன், வருத்தப்படக்கூடாதுங்க. இந்த டிக் ஒவ்வொண்ணும் நீங்க கண்ணால பாத்ததுதானுங்களே?"

மடியில் பை இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் படுக்கையோடு நின்ற ராஜமாணிக்கத்தின் முகம் வந்தது. அடுத்த மாதம் நீ இதே அறையில் அவரிடம் சேர வேண்டியவன். "உங்க மகனை அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

"பாத்தேன் டாக்டர்" என்றேன்.

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க. சந்தேகத்தை முதல்ல நம்ம மருந்து மேல வைங்க. வீடு வீடா வெயில்ல நடந்தவங்க மேல வெக்காதீங்க." பிறகு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "எழுதறதுன்னா இப்படி எழுதோணும்."

அன்று திரும்பும் வழியில், தோல் கழுவின சாயத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் டப்பாவையும் துணிப்பையையும் கவிழ்த்தேன். மாத்திரைகள் உடனே முழுகவில்லை. கொஞ்ச தூரம் மிதந்து போயின.

இத்தனை வருஷமாக, உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தாய் என்று சொன்னால் பாதிக் குற்றம் கழிந்துபோகும் அல்லவா? இப்போது எழுதும்போது தெரிகிறது, அதுவும் முழு உண்மை இல்லை. அந்த அறையில் என்னை எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். அதை இழக்க நான் தயாராக இல்லை. உன் தலையில் அந்தப் பாரத்தை ஏற்ற மாட்டேன். அது என்னுடையது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீயே அதில் இருந்தாய். எல்லா மாத்திரையும் சரியாகக் கொடுத்தும் ஒருத்தி இறந்தாள் என்றால் வீட்டில் வைத்துக் கொடுக்கிற முறையே ஆபத்து என்று டாக்டரம்மா முடிவு செய்தார். பெரிய டாக்டர்கள் கூடிய இடத்தில் எழுந்து நின்று, என் முறை தோற்றுவிட்டது என்று தானே சொன்னார். பின்னால் இருந்து யாரோ சிரித்ததாக நீதான் எனக்கு வந்து சொன்னாய். நீ சேர்ந்த முதல் மாதம் உனக்குக் கிடைத்த வேலை, வீடு வீடாகப் போய் இனிமேல் மாத்திரை வராது, ஆஸ்பத்திரிக்கு வந்து படுங்கள் என்று சொல்வது. பேகம்பூருக்கு நான் உன்னோடு வந்தேன். வடமதுரைப் பக்கமும் வந்தேன். பெருமாள் என்கிற அந்த விவசாயி உன்னிடம் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஏப்பா டாக்டர் தம்பி, நான் அங்க வந்து மாசக்கணக்குல படுத்துக்கிட்டா, இந்த மாட்டுக்குத் தண்ணி நீயா காட்டுவ?" அவர் வரவில்லை. என் பத்துப் பெண்களில் நாலு பேர் வரவில்லை. வராதவர்களுக்கு என்ன ஆனது என்று நீ பிறகு என்னிடம் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு வீடாக, ஒவ்வொருவராகப் போய்ச் சேரும்வரை.

அதற்குப் பிறகும் பத்து வருஷம் வேலை பார்த்தேன். விடைத்தாளில் டிக் போட என் கை வரவில்லை. சரியான விடைக்கு அடியில் ஒரு கோடு இழுத்து விட்டுவிடுவேன். பிள்ளைகள் எனக்குக் 'கோட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது, ஏதாவது ஒரு பெயருக்குப் பதில் வராமல் ஒரு கணம் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் அந்த நாலு பேரின் பெயரும் எனக்குள் வரிசையாக ஓடும். பெருமாள் பெயரும் ஓடும். சுலைகாவின் மகள் நூர் என் வகுப்புக்கே வந்தாள். அம்மாவின் அதே முகம். ஒருநாள் "டீச்சர், கணக்குச் செஞ்சுட்டேன், நோட்ட வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். மற்றப் பிள்ளைகள் என்றால் எழுந்து நில் என்பேன். அன்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிய கணக்கையே மறுபடி எழுதினேன்.

ராஜமாணிக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டரம்மா ஓய்வு பெற்றுக் கொடைரோட்டில் வீடு எடுத்து இருந்தபோது, நான் மாதம் ஒருமுறை ரயிலில் போய்ப் பார்த்து வருவேன். ஒருமுறை போனபோது, நடுத்தர வயது ஆள் ஒருவர் சமையலறையில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ராஜமாணிக்கம்! பஸ் ஏற்றிவிட்ட மறுவாரமே டாக்டரம்மா அவனுக்குக் கடிதம் எழுதினாராம். இனிமேல் எழுதும்போது உன் கை ஒரு நிமிஷம் நிற்கும், அது போதும், திரும்பி வா என்று. அவன் வெட்கத்தில் வரவில்லை. வேறு ஊரில் வேலை வாங்கிக் கொடுத்து, வருஷத்துக்கு நாலு கடிதம் எழுதி, அவனையும் ஆளாக்கியிருக்கிறார். "என்னை அவங்க தொரத்தல டீச்சர். நான்தான் போயிட்டேன்" என்றார் அவர். அன்று ரயிலில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எந்தப் பயத்துக்காக நான் பொய் சொன்னேனோ, அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார். பிறகு கட்டங்களை அடித்துவிட்டு, மருந்தை வீடுகளுக்கு அனுப்பியிருப்பார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இறப்பதற்கு நாலு நாள் முன்னாலும் சொல்லியிருக்கலாம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். மதுரைக்குப் போகிற ரயில் போய் ஓய்ந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க டீச்சர். அந்தச் சுலைகாப் புள்ள கணக்கு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கவே இல்லீங்க. பதினோரு வருசமா யோசிக்கறேன். எல்லாம் முழுங்கியும் அது ஏனுங்க போச்சு? நான் எங்கியோ ஒண்ணைத் தவற விட்டுட்டேனுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் தன்னையே கேட்டுக்கொண்டார். வாயைத் திறந்தேன்.

"கஞ்சி ஆறிப்போயிரும், குடிங்க டாக்டர்" என்றேன்.

குடித்தார். நல்ல பிள்ளை மாதிரி ஒவ்வொரு கரண்டியாகக் குடித்தார். நான் வாயைத் துடைத்துவிட்டேன். சாகப்போகிறவரின் மனதை ஏன் கலைக்க வேண்டும் என்று அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் மனது ஏற்கெனவே கலைந்துதான் இருந்தது. என்னால் அதை நேராக்கியிருக்க முடியும். அந்தக் கேள்வி இப்போது இந்த வீட்டில் இருக்கிறது. உலை வைக்கும்போது கேட்கிறது. தோல் வண்டி தெருவில் போனால், அந்த வாசனையோடு சேர்ந்து கேட்கிறது.

நீண்ட வகுத்தல் கணக்கு உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் வரியில் ஓர் இலக்கம் தவறினால், கீழே எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் விடை தப்பாகத்தான் வரும். செய்கிறவனுக்குத் தன் கீழ்வரிகள் எல்லாம் சரி என்று தெரியும், அதனால் மேலே போய்ப் பார்க்க மாட்டான். டாக்டரம்மா அப்படித்தான் பதினோரு வருஷம் கீழ்வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நீ மேல்வரிக்குப் போ. சுலைகாவின் அட்டையில் நோன்பு தொடங்கின நாளிலிருந்து கடைசி நாள்வரை எல்லா டிக்கையும் கோடு போட்டு அடித்துவிடு. சிறுநீர் எடுத்த நாட்களை மட்டும் விடலாம். புத்தகத்தில் அவர் முறை தோற்றது என்று எழுதியிருக்கும் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, தோற்றது யார் என்று எழுது. 'ஒரு தன்னார்வலர்' என்று எழுதாதே. என் பெயரையும், நான் டீச்சராக இருந்தவள் என்பதையும், உன் தாய் என்பதையும் எழுது. உன் மாணவர்கள் நாலு பேருக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. அவர்கள் உன்னிடம் தவறைச் சொல்ல வரும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள். டாக்டரம்மா நல்லவர். ஆனால் அவர் நல்லவர் என்பது ராஜமாணிக்கத்துக்குத் தபாலில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் தெரியவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் நான் கண்ட குறை. அதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் நீ இப்போது நாலு பேருக்கு ஆசான், அதனால் சொல்கிறேன்.

நூருக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் அப்பாவிடமும் அவளிடமும் நானே போய்ச் சொல்வேன். அந்த வேலையை நீ எடுத்துக்கொள்ளாதே. நாளை வெள்ளிக்கிழமை, அவர்களுக்குத் தொழுகை நாள், வேண்டாம். சனிக்கிழமை போகிறேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். என்மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு வா, அது எனக்குத் தாங்கும். மருமகளிடம் சொல்லிவிட்டு வா. ஆனால் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு மட்டும் வராதே. அப்படி வந்தாலும் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். உன் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன்.

திருத்திவிட்டு வா, அப்பு.

அம்மா